கியர் போட்டும் இழுக்காத பைக்: கிளட்ச் முதல் செயின் வரை பிழை கண்டுபிடிக்கும் வழி

“கியர் பாக்ஸ் போயிடுச்சுண்ணே” என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர் பாக்ஸ் நன்றாகவே இருக்கும். கிளட்ச் வயர் இறுகியிருக்கும், கார் ஆயில் ஊற்றியிருப்பார்கள், செயின் தொங்கிக்கொண்டிருக்கும். இன்ஜினைப் பிரிக்க வேண்டிய வேலை கடைசியில்தான் வரும். அதனால் இங்கே எல்லாவற்றையும் காசில்லாத வேலையில் தொடங்கி, செலவு வைக்கும் வேலையில் முடியும் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

இது 100 முதல் 150 சிசி வரையிலான, நான்கு அல்லது ஐந்து கியர் உள்ள, செயினில் ஓடும் சாதாரண பைக்குகளுக்கு. ஸ்கூட்டரில் பெல்ட்டும் ரோலரும் வேறு கதை. அதை இதில் தேட வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வரிசைதான். இன்ஜின் சுற்றுவது கிளட்ச் பெல்லுக்கு (தட்டுகள் உட்காரும் வெளிக் கிண்ணம்) வரும், அங்கிருந்து கிளட்ச் தட்டுகள் வழியாக கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்டுக்கு, அடுத்து கவுண்டர் ஷாஃப்டுக்கு, அதன் நுனியில் உள்ள முன் ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் மாட்டும் பல் சக்கரம்), செயினுக்கு, பின் ஸ்பிராக்கெட்டுக்கு, ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களுக்கு, கடைசியில் சக்கரத்துக்கு. இந்த வரிசையில் எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

தொடங்குமுன் ஒன்று. செயின் பக்கம் கை போகும்போது இன்ஜின் ஆஃப் ஆகி இருக்க வேண்டும், சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைப்பது விரல் போகும் வேலை. விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி 1: முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

முதலில் இது கிளட்ச் வழுக்கல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலியான நேர்ச் சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் சட்டென்று மேலே போய், வண்டி பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்: கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், ரிங் பிஸ்டன். அதற்குக் கிளட்ச் தட்டு மாற்றினால் காசுதான் போகும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் “இழுவை இல்லை” என்றுதான் தோன்றும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம்மைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் பிரேக்கைச் சரி செய்துவிட்டுத்தான் கிளட்ச் பக்கம் வர வேண்டும்.

கிளட்ச்தான் என்று முடிவானால்:

*லீவரில் தளர்வு இருக்கிறதா?* கிளட்ச் லீவரை இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். கனம் தெரியும் வரை லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா வர வேண்டும் என்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும் அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்தான் இறுதி. தளர்வே இல்லையென்றால், நீங்கள் லீவரை விட்ட பிறகும் வயர் கிளட்ச்சை அரைகுறையாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் தட்டு தேயத் தேய இந்தத் தளர்வு தானாகக் குறையும். அதனால் ஆறு மாதத்துக்கு முன்னால் சரியாக இருந்தது இன்று சரியாக இருக்காது. லீவர் பக்கம் உள்ள அட்ஜஸ்டர் போதாவிட்டால் இன்ஜின் பக்கம் வயர் முடியும் இடத்தில் இரண்டு நட் இருக்கும், அங்கே கொடுங்கள்.

சரி செய்த பிறகு ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது தளர்வு காணாமல் போனால் வயர் தவறான வழியில் போகிறது, எங்கோ இழுபடுகிறது. புது ஹெட்லைட் மாட்டிய வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

*என்ன ஆயில் ஊற்றினீர்கள்?* இந்த வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகின்றன. கார் ஆயிலில், குறிப்பாக எரிபொருள் சிக்கனம் என்று அச்சிட்டு வருபவற்றில், உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருக்கும். காருக்கு நல்லது, ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு எமன். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ (JASO MA) அல்லது ‘எம்.ஏ.2’ என்ற ஜப்பானியத் தரக் குறி இருக்க வேண்டும். ‘எம்.பி.’ என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்பதெல்லாம் ஆயிலின் தடிமன். அதைக் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். “விலை கூடினது ஊத்தினேன், ஆனா வழுக்குது” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது காலி டப்பாவைத்தான். ஆயில் மாற்றிய நாள் முதல் வழுக்கல் தொடங்கியிருந்தால் சரியான ஆயில் ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, இன்னொரு முறையும் மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

*தட்டும் ஸ்பிரிங்கும்.* தளர்வு சரி, ஆயில் சரி, இன்னும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கிறது. ஆயிலை வடிக்கும்போது கருகிய வாடையும் கறுப்பு நார்த் துணுக்குகளும் வந்தால் சந்தேகமே வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அரை கிளட்ச்சிலேயே ஏறுபவர்கள், சிக்னலில் கியரிலேயே நின்று கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், லீவரில் எப்போதும் இரண்டு விரல் வைத்தே ஓட்டுபவர்கள், பின்னால் இரண்டு பால் கேனோடு அலைபவர்கள் ஆகியோருக்கு இது சீக்கிரம் வரும்.

கிளட்ச் கவரைத் திறந்து வேலை பார்த்துப் பழக்கம் உள்ளவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். அப்படிச் செய்தால்: உராய்வுத் தட்டின் தடிமனை வெர்னியரில் அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள். எஃகுத் தட்டுகளைக் கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்துக் கோணல் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அந்தத் தட்டு அதிகம் சூடாகியிருக்கிறது. ஸ்பிரிங்கை ஒன்று மட்டும் மாற்றாதீர்கள், செட்டாக மாற்ற வேண்டும். புதுத் தட்டுகளை மாட்டுமுன் ஆயிலில் நன்றாக ஊற வைக்க வேண்டும்; காய்ந்த தட்டை மாட்டி ஓட்டினால் முதல் நாளிலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அந்தத் தூண்கள் அலுமினியம், பலம் காட்டினால் உடையும். பல 100 சிசி வண்டிகளில் இதே கவருக்குள்தான் ஆயிலின் அழுக்கைப் பிரிக்கும் வட்டக் கிண்ணம் இருக்கிறது. திறந்ததோடு அதையும் வழித்துச் சுத்தம் செய்துவிடுங்கள், அப்புறம் அதற்கென்று ஒருமுறை திறக்க வேண்டியதில்லை.

கவரைத் திறந்து பழக்கம் இல்லையென்றால் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். வழுக்கும் கிளட்ச்சோடு வாரக்கணக்கில் ஓட்டினால் எஃகுத் தட்டும், தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து போகும்.

அறிகுறி 2: முதல் கியர் போடும்போது ‘டங்’, நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது

இது முந்தியதற்கு நேர் எதிர். அங்கே கிளட்ச் முழுதாகச் சேரவில்லை, இங்கே முழுதாக விடவில்லை.

காலையில் முதல் முறை மட்டும் ‘டங்’ என்றால் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் தட்டுகள் ஆயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யுமுன் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுதாகப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை அசைத்துக் கொடுத்தால் ஒட்டல் விட்டுவிடும்.

நாள் முழுக்க இருந்தால் ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின்சக்கரம் மெல்லச் சுற்றும், அது பரவாயில்லை. கிளட்ச்சைப் பிடித்தபடியே பின் பிரேக்கை மிதியுங்கள். சக்கரம் நின்று, இன்ஜின் அசராமல் ஓடினால் கிளட்ச் ஒழுங்காக விடுகிறது. இன்ஜின் இழுத்துக்கொண்டு அணைந்தால் விடவில்லை.

விடவில்லையென்றால் காரணங்கள், மலிவானது முதல்:

லீவரில் தளர்வு அதிகமாக இருக்கலாம். பாதி இழுவை வயரின் தொய்வை எடுப்பதிலேயே போய்விடுகிறது. அட்ஜஸ்டரைத் திருப்பினால் முடிந்தது.

வயர் காய்ந்திருக்கலாம். மேல் முனையைக் கழற்றி, செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ் முனையில் வடியும் வரை சொட்டுச் சொட்டாக ஆயில் விடுங்கள். மழையில் நனைந்து, அந்த வாரமே லீவர் கனத்த வண்டிகளுக்கு இது போதும். உறைக்குள் இழைகள் பிரிந்திருந்தால் புது வயர்தான். சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

ஆயில் பழசாகிக் கெட்டியாகியிருக்கலாம், அல்லது அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம்.

இதெல்லாம் சரியென்றால் கவருக்குள் இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று, எஃகுத் தட்டு கோணியிருப்பது. மற்றொன்று, கிளட்ச் பெல்லின் விரல்களில் தட்டுகளின் காது இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருப்பது. லேசான பள்ளத்தை அரத்தால் தட்டையாக்கலாம். நகம் மாட்டி நிற்கும் அளவுக்கு ஆழமாக இருந்தால் பெல் மாற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை. நடு நட்டைக் கழற்ற அதற்கான கருவி வேண்டும். உளியை வைத்துத் தட்டிக் கழற்றுபவரிடம் கொடுக்காதீர்கள்.

நியூட்ரல் பற்றி ஒரு வார்த்தை. நின்ற பிறகு நியூட்ரல் தேடுவதைவிட, வண்டி கடைசியாக உருண்டுகொண்டிருக்கும்போதே போட்டுவிட்டால் நல்ல கிளட்ச்சிலும் சுலபமாக விழும். இதைக் கோளாறு என்று வந்து காட்டுபவர்கள் நிறைய.

அறிகுறி 3: கியரில் இருக்கிறது, கிளட்ச்சை விட்டாயிற்று, வண்டி நகரவே இல்லை

இன்ஜினை அணையுங்கள். சென்டர் ஸ்டாண்ட். முதல் கியர் போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள்.

→ *சக்கரம் சுற்றுகிறது, செயின் அசையவில்லை.* செயின் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. மூடிய செயின் கவர் உள்ள வண்டியில் வெளியே தெரியாது, ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த செயினைக் கண்டதும் வண்டியைத் தள்ளாதீர்கள். முன் ஸ்பிராக்கெட் கவருக்குள் சுருண்டு கிடந்தால் இன்ஜின் கேஸையே உடைக்கும். முழுச் செயினையும் வெளியே எடுத்துவிட்டுத் தள்ளுங்கள். செயின் நன்றாக இருந்தும் இப்படி ஆனால் பின் ஸ்பிராக்கெட்டின் போல்ட்களோ ஹப்பின் ரப்பர்களோ போயிருக்கின்றன.

→ *செயின் சுற்றுகிறது, முன் ஸ்பிராக்கெட்டும் சுற்றுகிறது, நடுவில் உள்ள ஷாஃப்ட் நிற்கிறது.* ஸ்பிராக்கெட்டின் உள்பற்கள் வழித்துப் போய்விட்டன. ஸ்பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு தகடும் அதன் இரண்டு போல்ட்டும் விழுந்து, ஸ்பிராக்கெட் நழுவி வெளியே வந்திருந்தால் அதிர்ஷ்டம். தகடு மாற்றினால் போதும். ஷாஃப்டின் பற்களே தேய்ந்திருந்தால் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஸ்பிராக்கெட்டை ஷாஃப்டோடு வெல்டிங் வைத்துத் தரேன் என்பவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் அடுத்த முறை ஸ்பிராக்கெட்டும் மாற்ற முடியாது, ஆயில் சீலும் மாற்ற முடியாது.

→ *ஷாஃப்ட் வரை எல்லாம் சுற்றுகிறது, இன்ஜின் கொஞ்சமும் தடுக்கவில்லை.* கோளாறு உள்ளே. முதலில் கிளட்ச் வயரைக் கீழ் முனையில் முழுதாகத் தளர்த்திவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். இப்போது தடுத்தால் வயர்தான் குற்றவாளி. அப்போதும் தடுக்காவிட்டால் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். எந்தக் கியரிலும் தடுக்கவில்லையென்றால் கிளட்ச் தட்டு முழுதாகப் போயிருக்கலாம், அல்லது கியர் மாற்றும் பகுதி எதையும் நகர்த்தவில்லை. ஒரே கியரில் மட்டும் தடுக்கவில்லையென்றால் அந்தக் கியர். இதற்கு மேல் பட்டறை.

→ *இன்ஜின் நன்றாகத் தடுக்கிறது.* அப்படியென்றால் வழி முழுதாக இருக்கிறது. கை பலத்துக்குத் தாங்கும் கிளட்ச், இன்ஜின் பலத்துக்கு வழுக்குகிறது. அறிகுறி 1-க்குப் போங்கள்.

அறிகுறி 4: ஓடும்போதே கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்குப் போகிறது

இதை ஒத்திப்போடாதீர்கள். முந்திச் செல்லும்போது கழன்றால் எதிரே வரும் லாரிக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். மலை இறங்கும்போது கழன்றால் இன்ஜின் பிடிப்பு போய் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். வால்பாறை, ஏற்காடு போன்ற இறக்கங்களுக்கு அப்படிப்பட்ட வண்டியை எடுத்துப் போகவே கூடாது.

முதலில் வெளியே பாருங்கள். கியர் லீவர் ஃபுட்ரெஸ்ட்டிலோ கிராஷ் கார்டிலோ இடிக்கிறதா? கீழே விழுந்து எழுந்த வண்டியில் லீவர் உள்ளே வளைந்து, கியர் முழுதாக விழுவதற்குள் கேஸில் முட்டி நின்றுவிடும். லீவருக்கு மேலும் கீழும் இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு கியரிலும் கவனியுங்கள். லீவரைத் தப்பான பல்லில் மாட்டியிருந்தால் உயரம் மாறி, கால் முழு வீச்சு கொடுக்க முடியாமல் போகும். கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் சரி.

உங்கள் காலையும் பாருங்கள். லீவரின் மேல் பாதத்தை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் எப்போதும் அழுத்தத்தில் உரசிக்கொண்டே இருக்கிறது. அதுவே தேய்மானத்தின் தொடக்கம்.

அடுத்து, எந்தக் கியர் கழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கியரும் எப்போதாவது கழன்றால், கியரை அந்தந்த இடத்தில் நிறுத்தும் உருளைக் கையும் அதன் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் கிளட்ச் பக்கக் கவரைத் திறந்தாலே அது கைக்கு எட்டும், கேஸைப் பிரிக்க வேண்டாம். ஒரே கியர், முறுக்கும்போதெல்லாம் கழன்றால் அந்தக் கியரின் பக்கவாட்டுப் பிடிப்பற்கள் முனை மழுங்கியிருக்கின்றன, அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது. இதற்கு இன்ஜினை இறக்கிக் கேஸைப் பிரிக்க வேண்டும். ஆயில் மாற்றியோ, வயரை இறுக்கியோ இதைச் சரி செய்ய முடியாது. மழுங்கிய பல்லைக் கிரைண்டரில் கூராக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேல் கடினத் தோல் போன பிறகு அது வேகமாகத் தேயும். கியரை அதன் ஜோடியோடும், ஃபோர்க்கோடும் சேர்த்து மாற்றுவதுதான் வேலை.

அறிகுறி 5: கியர் லீவர் லொடலொட, அல்லது மிதித்தால் திரும்பி வரவில்லை

லீவர் ஷாஃப்டின் மேல் சுற்றினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர். இறுக்கியும் நழுவினால் லீவரின் பற்கள் போய்விட்டன, புது லீவர் வாங்குங்கள். இங்கேயும் வெல்டிங் வேண்டாம். லீவரோடு ஒட்டிய ஷாஃப்டை அப்புறம் கிளட்ச் பக்கமாக உருவ முடியாது.

ஒருமுறை மிதித்த லீவர் நடுவுக்குத் திரும்பாமல் தொங்கினால் கியர் ஷாஃப்டின் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட் வளைந்து துளையில் சிக்கியிருக்கலாம். அவசரத்துக்கு லீவரைக் கையாலோ காலாலோ நடுவுக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பட்டறை வரை போகலாம். ஸ்பிரிங் விலை அற்பம், கூலிதான் கொஞ்சம் வரும்.

அறிகுறி 6: செயின் பக்கம் சத்தம், முறுக்கும்போதும் விடும்போதும் ‘டக்’

வண்டியின் இழுவைக் கோளாறுகளில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் கடைசியாகத்தான் இங்கே பார்ப்பார்கள்.

சத்தத்தைக் கேட்டே கொஞ்சம் பிரிக்கலாம். மேடு பள்ளத்தில் ‘கட கட’ என்றால் செயின் தொய்ந்து கவரில் அடிக்கிறது. சீராக ‘கர கர’ என்றால் காய்ந்திருக்கிறது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒரே தாளத்தில் ‘டிக்’ என்றால் ஒரு கண்ணி இறுகி மடங்காமல் இருக்கிறது. முறுக்கிய கணமும் விட்ட கணமும் ‘டக்’ என்று உதைத்தால் செயின் தொய்வு அல்லது ஹப் ரப்பர்.

*தொய்வு.* கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளுங்கள். பல வண்டிகளுக்கு மொத்த அசைவு 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய தாளிலோ இருக்கும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் அளவு சரியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்கினால் செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. சரி செய்து பயனில்லை.

‘டைட்டா இருக்கட்டும்’ என்று கம்பி போல இறுக்கும் பழக்கம் தொய்வைவிட மோசம். ஆள் உட்கார்ந்து, பின்னால் அரிசி மூட்டையும் ஏறினால் ஸ்விங் ஆர்ம் மேலே போய்ச் செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பு முழுதும் முன் ஸ்பிராக்கெட் ஷாஃப்டின் பேரிங்கில் விழும். ஆயில் சீல் கசியும், அடுத்து பேரிங் ஊளையிடும். முன் ஸ்பிராக்கெட் கவரைத் திறந்தால் உள்ளே ஆயில் பிசுபிசுவென்று இருந்தால் இந்தக் கதை தொடங்கிவிட்டது.

*இறுக்கும் முறை.* அச்சு நட்டைத் தளர்த்துங்கள். பல வண்டிகளில் செயின் பக்கம் ஸ்லீவ் நட் என்று இன்னொரு பெரிய நட் உண்டு. அதைத் தளர்த்தாமல் அட்ஜஸ்டரைத் திருப்பித் திருப்பி நட்டு வழித்துப் போன வண்டிகள் ஏராளம். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் முன்னால் போனால் சக்கரம் கோணும், செயின் ஸ்பிராக்கெட்டின் ஒரு பக்கத்தையே தின்னும். நட்டுகளை இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி பாருங்கள், இறுக்கும்போது மாறியிருக்கும். கடைசியில் பின் பிரேக் பெடலின் வீச்சைச் சரி செய்ய மறக்காதீர்கள். சக்கரம் பின்னால் போனால் பிரேக் கம்பியும் இழுபடும்.

*செயின் ஆயுள் முடிந்ததா?* பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் முடிந்தது. சரியாக அளக்க வேண்டுமென்றால்: இந்த வகை வண்டிகளில் பரவலாக இருக்கும் 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். 20 இடைவெளி, அதாவது 21 பின், புதிதில் 254 மில்லிமீட்டர். செயினை விறைப்பாகப் பிடித்து அளந்து 259-ஐத் தொட்டால் உடனே மாற்றுங்கள். 256, 257-க்கே மாற்றிவிடுவது என் பழக்கம். ஸ்பிராக்கெட் பற்கள் சுறாத் துடுப்பு போல வளைந்த பிறகு மாற்றினால் அதுவரை தின்ற பெட்ரோலுக்குக் கணக்கில்லை.

நீண்ட செயினில் ஒரு கண்ணியை வெட்டி எடுத்து மாட்டுவது நம் ஊரில் பெரிய சாமர்த்தியமாக நடக்கிறது. கண்ணியை வெட்டினால் மொத்த நீளம்தான் குறையும்; ஒவ்வொரு கண்ணிக்கும் இடையே கூடிய தூரம் அப்படியே இருக்கும். அது பல்லில் ஒழுங்காக உட்காராது, பாரம் ஏறும்போது தாண்டும். மாற்றினால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் சில மாதத்தில் அதுவும் பழசு.

மாட்டும்போது பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது இடித்துக் கழன்று தெறிக்கும்.

*ஹப் ரப்பர்.* செயின் சரியாக இருந்தும் ‘டக்’ நிற்கவில்லையா? சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்துக் கியரில் விட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்பிராக்கெட் நிற்க, சக்கரம் மட்டும் லொடலொடவென்று ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவர் யாரும் மாற்றலாம், விலையும் குறைவு. டியூப் துண்டை வெட்டிச் செருகுவது ஒரு வாரம் தாங்கும்.

*புதுச் செயின் செட் மாட்டியதும் இழுவை குறைந்ததா?* பல்லை எண்ணுங்கள். முன்னால் 14, பின்னால் 42 இருந்தால் முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 15 பல் மாட்டிவிட்டால் அது 2.8 ஆகிவிடும். சமவெளியில் இன்ஜின் அமைதியாக ஓடும், மைலேஜ் கூடியதுபோல இருக்கும். மேட்டில் இரண்டு பேர் ஏறினால் திணறும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்பார். ஒன்றல்ல.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயோ டீசலோ போதும், பெட்ரோல் வேண்டாம். துடைத்துக் காயவிட்டு 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே. செம்மண் சாலையில் ஓட்டுபவர்கள் கிரீஸைப் பூசாதீர்கள்; மண்ணும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கும் பசை.

அறிகுறி 7: இன்ஜின் கீழ்ப்பகுதியில் ஊளை அல்லது உறுமல்

வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுக் கிளட்ச் லீவரைப் பிடியுங்கள், விடுங்கள்.

→ பிடித்ததும் சத்தம் நின்றால் மெயின் ஷாஃப்ட் பேரிங் பக்கம் சந்தேகம், அல்லது கிளட்ச் பெல்லின் அதிர்வு ஸ்பிரிங்குகள் தளர்ந்து ஆடுகின்றன. இரண்டாவது என்றால் ஊளையாக இருக்காது, லொட லொடவென்று கேட்கும். அதோடு நாள் தள்ளலாம்.

→ பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச்சைத் தள்ளும் சிறு பேரிங். கிளட்ச் கவரைத் திறந்தாலே கிடைக்கும், மலிவு.

→ பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்றால் பிரைமரி கியர் (இன்ஜினிலிருந்து கிளட்ச் பெல்லைச் சுற்றும் பற்கள்) அல்லது இன்ஜினுக்குள் வேறு எங்கோ.

ஒரே கியரில் மட்டும் ஊளை கேட்டால் அந்த ஜோடிப் பற்கள். ஆயில் வடிக்கும்போது டிரெயின் நட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டுவது சகஜம். கையில் உரசும் துண்டுகள், பல்லின் முனை போன்ற சில்லுகள் வந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், வண்டியை ஏற்றி அனுப்புங்கள். ஒரு சில்லு இன்னொரு பல்லுக்கு நடுவில் சிக்கினால் பின்சக்கரமே ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும்.

அறிகுறி 8: நடுவழியில் கிளட்ச் வயர் அறுந்துவிட்டது

வாகனம் குறைந்த சாலையாக இருந்தால் மட்டும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளியோ இறக்கத்தில் உருட்டியோ நடை வேகம் வந்ததும் முதல் கியரைத் தட்டுங்கள். உதைத்துக்கொண்டு கிளம்பும். மேல் கியருக்கு, ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் முழுதாக மூடி அந்தக் கணத்திலேயே லீவரைத் தட்டினால் விழும். நிறுத்துமுன் உருளும்போதே நியூட்ரல் போட்டுவிடுங்கள். சிக்னலும் கூட்டமும் உள்ள ஊருக்குள் இதைச் செய்யக் கூடாது, தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

வயர் சொல்லாமல் அறுவது அரிது. லீவர் பக்கம் உள்ள உருண்டை முனையருகே ஓரிரு இழை பிரிந்து விரலைக் குத்தும். அப்போதே மாற்றிவிடுங்கள், அல்லது புது வயரை வாங்கி சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால்

கூலியில் பெரும்பகுதி இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும்தான். அதனால் பிரித்ததோடு கியர் பாக்ஸ் பேரிங்குகளில் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள், முன் ஸ்பிராக்கெட், கியர் ஷாஃப்ட், கிக்கர் சீல்களைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பேக்கிங்கை மறுபடி பயன்படுத்த விடாதீர்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி, மழுங்கிய பல் எது, வளைந்த ஃபோர்க் எது என்று காட்டச் சொல்லுங்கள். கேஸை மூடியதும், கிளட்ச் மாட்டுமுன், ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே முதல் கியரிலிருந்து கடைசிக் கியர் வரை போட்டு, மறுபடி நியூட்ரல் வரை இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். சுற்றாமல் போட்டால் நல்ல கியர் பாக்ஸிலும் விழாது. சுற்றியும் ஏதாவது ஒரு கியர் விழவில்லையென்றால் அப்போதே மறுபடி திறப்பது அரை மணி நேர வேலை. வண்டியில் ஏற்றிய பிறகு என்றால் இன்னொரு நாள், இன்னொரு கூலி.